கார்டில் எழுதிய மார்கழி

எண்பத்தைந்தில் நான் முதன்முறை முழுகாமல் இருந்தபோது, பிள்ளை எந்த மாதம் பிறக்கவேண்டும் என்பதைத் தீர்மானித்தவன் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன். சித்திரையில், எனக்கு எத்தனை மாதம் என்று சரியாகத் தெரியாமலே, கணவர் ஜெர்மனிக்குப் போய்விட்டார். என்னையும் அங்கே எடுப்பிக்க ஒழுங்கு நடந்தது. ஏழு மாதம் தாண்டினால் பிளேனில் ஏற்றமாட்டார்கள், கிளினிக் கார்டையும் பார்ப்பார்கள் என்று அவன் சொல்லியிருந்தான்.

"ரெண்டு மாசத்தைக் குறைச்சுச் சொல்லும். ஆருக்குத் தெரியப்போகுது?" என்றார் மச்சாள். கணவரின் மூத்த சகோதரி; அவருடைய வீட்டில்தான், பருத்தித்துறைக்குப் பக்கத்தில், நான் இருந்தேன்.

கிளினிக்கில் மருத்துவிச்சி கேட்டார்: "கடைசியாய் எப்ப முழுகினனீ, பிள்ளை?"

தைப்பொங்கலன்று தீட்டென்று பானைக்குக் கிட்டப் போகமுடியாமல் அறைக்குள் இருந்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது.

"பங்குனி பத்து" என்றேன்.

வயிற்றை அமத்திப் பார்த்தார். "கொஞ்சம் பெரிசாய்க் கிடக்கே?"

"எங்கடை ஆக்களுக்குப் பிள்ளையள் பெரிசுதான்" என்றார் மச்சாள். மருத்துவிச்சி விரல்விட்டு எண்ணி, கார்டில் மார்கழி என்று எழுதினார். என் கணக்கில் அது ஐப்பசி.

பிளேனுக்கு அழைப்பு வரவில்லை. ஆவணியும் போனது. உண்மையைச் சொல்லிக் கார்டை மாற்றுவோம் என்று மச்சாளிடம் சொன்னேன்.

"இண்டைக்கு நாளைக்குக் கூப்பிடுவாங்கள். கார்டிலை கை வையாதையும்."

ஐப்பசி கடைசியில் வயிற்றில் பிள்ளையின் துடிப்புக் குறைந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"எனக்கு நாள் தாண்டிப்போச்சு, மிஸி."

அங்கிருந்த தாதி கார்டைப் பார்த்துச் சிரித்தார். "மார்கழிக்கு இன்னும் எவ்வளவு நாள் கிடக்கு! முதல் பிள்ளைக்காரியள் எல்லாரும் உப்பிடித்தான்."

நான் வாய் திறக்குமுன் மச்சாள் முந்திக்கொண்டார். "அவளுக்குப் பயம், மிஸி. புருசனும் கிட்ட இல்லை."

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். பின்னால் வரிசையில் பத்துப் பதினைந்து பெண்கள் நின்றார்கள். பொய்க்காரி என்று அவர்கள் முன்னால் ஏச்சு வாங்க வெட்கப்பட்டேன். அந்த வெட்கத்துக்காக வீட்டுக்குத் திரும்பினேன்.

மூன்றாம் நாள் குத்து எடுத்தது. பிள்ளை செத்துத்தான் பிறந்தான். நகங்கள் விரலுக்கு வெளியே வளர்ந்திருந்தன. பாதத்தில் தோல் உரிந்திருந்தது. துடைத்த பெண், "உது நாள் தாண்டின பிள்ளையெல்லோ?" என்றார். நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் மச்சாள் அழுதழுது சொன்னார்: "எட்டு மாசப் பிள்ளை. எப்பிடித் தங்கும்?" ஜெர்மனிக்கும் அப்படியே எழுதினார்.

அடுத்த வருடம் நானும் போய்ச் சேர்ந்தேன். "எட்டு மாசத்திலை பிறந்தால் ஆர்தான் என்ன செய்யிறது? நீர் யோசியாதையும்" என்று கணவர் ஆறுதல் சொன்னார். ஓம் என்றேன். அவருக்கு விளக்கவேண்டுமென்றால், பங்குனி பத்து என்று சொன்ன வாய் எது என்பதையும் சொல்லவேண்டும். இன்றுவரை சொல்லவில்லை.