வெங்காயத்தாள் எண்ணெயும் அண்ணனின் மூக்கும்

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில், எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் தன் டிபன் பாக்ஸைத் திறந்தாள். நூடுல்ஸ். மேலே பழுப்பாக முறுகிய வெங்காயத்தாள் துண்டுகள். அந்த வாசம் மேசையைக் கடந்து என்னிடம் வந்ததும் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டுவிட்டேன். "போன்ல பாத்து வூட்லயே செஞ்சேங்க்கா, ஸ்பிரிங் ஆனியன் ஆயில். புதுசா இருக்குதில்ல?" என்றாள். ஆமாம், புதுசாகத்தான் இருக்கிறது என்று சொல்லி வைத்தேன். கடத்தூர்ப் பக்கம் ஓர் ஓட்டு வீட்டில் இதே எண்ணெயை வாரத்துக்கு இரண்டு தடவை காய்ச்சினோம் என்று ஆரம்பித்தால், சாப்பாட்டு நேரத்துக்குள் முடிகிற கதையா அது? அவளிடம் சொல்லாமல் விட்டதை உங்களிடம் சொல்கிறேன்.

வெங்காயத்தாளுக்கு எங்கள் பக்கத்தில் பெரிய மரியாதை கிடையாது. தை மாசத்தில் சந்தையில் கட்டுக்கட்டாக வந்து குவியும். பருப்புப் போட்டு ஒரு கூட்டு வைப்போம், மிஞ்சினால் மாட்டுக்குப் போடுவோம். அதை எண்ணெயில் போட்டு, அந்த எண்ணெயை மட்டும் வடித்து எடுத்து வைப்பார்கள் என்பது எனக்கு என் அண்ணன் சட்டை மூலமாகத்தான் முதலில் தெரிந்தது.

அண்ணன் பேர் சவரிமுத்து. பதினெட்டு வயதில் பெங்களூருக்குப் போய், ஒரு சைனீஸ் ஓட்டலில் பாத்திரம் கழுவ ஆரம்பித்து, காய் நறுக்கி, பிறகு பெரிய அடுப்புக்கு முன்னால் நின்று வாணலியைத் தூக்கிப் போடுகிற அளவுக்கு வந்தவன். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தால் அவன் பையைத் திறந்ததும் வீடே அந்த எண்ணெய் வாசம் அடிக்கும். அம்மா அவன் சட்டைகளை மூன்று தண்ணீரில் அலசுவாள். அப்படியும் போகாது. பூசைக்குப் போட்டுக்கொண்டு போகும் வெள்ளைச் சட்டையில்கூட அது ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் முழந்தாளிட்டிருக்கும் எனக்கு, நற்கருணை நேரத்தில் நூடுல்ஸ் ஞாபகம் வரும். கடவுள் மன்னிப்பார்.

கொரோனா வந்தது. ஓட்டலைச் சாத்திவிட்டார்கள். கிடைத்த லாரியில் ஏறி, கொஞ்சம் நடந்து, அண்ணன் வீடு வந்து சேர்ந்தான். பத்து நாள் காய்ச்சல். பிழைத்து எழுந்துவிட்டான் என்று அம்மா மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். அப்புறம் சில மாசம் அவன் அதிகம் பேசவில்லை. வேலை போன கவலை என்று நினைத்துக்கொண்டோம். எதைப் போட்டாலும் தலை குனிந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போவான். உப்பு மறந்த குழம்பை ஒருநாள் அவன் முழுசாகச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஓட்டல்காரன், நம் மனம் நோகக்கூடாதென்று பேசாமல் சாப்பிட்டான் என்று பெருமைப்பட்டேன். என் புத்தி அப்படி.

நான் அப்போது கடத்தூரில் ஒரு சின்ன பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தால், வாசலிலேயே புகை. அடுப்படியில் அண்ணன் அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நிதானமாகத் தாள் நறுக்கிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் வாணலியில் முதல் ஈடு கரியாகிக்கொண்டிருந்தது.

"அண்ணா, கருகுது."

திரும்பிப் பார்த்தான். எழுந்து அடுப்பை அணைத்தான். வாணலியையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு இருமல் அடங்கவில்லை. அவனுக்கு அந்தப் புகை கண்ணில் மட்டும்தான் பட்டிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

"வாசம் தெரியலயாண்ணா?"

"நாலு மாசமாச்சி பாப்பா. கோயில்ல சாம்பிராணி போட்டாக்கூட எனக்கு அது வெறும் பொகதான்." பிறகு மெதுவாகச் சொன்னான்: "அம்மாகிட்ட சொல்லிடாத."

டாக்டரிடம் கேட்டோம். சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு நாளாகும் என்றார்.

அண்ணனுக்கு வேறு தொழில் தெரியாது. மறுநாளே மறுபடி தாள் வாங்கி வந்தான். என்னைக் கூப்பிட்டு அடுப்புப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார வைத்தான். நெறம் பார்த்து எடுத்தால் ஆகாதா என்று கேட்டேன். "நெறம் வர்றதுக்கு முன்னாடி வாசம் வந்துடும். மூக்கு சொல்லி அர நிமிசம் கழிச்சித்தான் கண்ணு சொல்லும். அதுக்குள்ள எண்ணெ கசந்துடும்" என்றான்.

செய்முறை ஒன்றும் பெரிசில்லை. தாளைக் கழுவி, துணியில் பரப்பி, ஈரம் சுத்தமாகப் போகும்வரை உலர்த்த வேண்டும். ஈரம் இருந்தால் முகத்தில் தெறிக்கும். விரல் நீளத்துக்கு நறுக்கி, வெள்ளைப் பகுதியைத் தனியாக, பச்சையைத் தனியாக வைக்க வேண்டும். பெங்களூரில் ஏதோ வெள்ளை எண்ணெய் ஊற்றுவார்களாம். எங்கள் வீட்டில் கடலை எண்ணெய்தான். சின்னத் தீயில் முதலில் வெள்ளை, அது கண்ணாடி மாதிரி ஆனதும் பச்சை. அப்புறம் பொறுமையாக உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த இடத்தில்தான் நான்.

"இப்ப எப்புடி?"

"பச்ச வாசம்."

"பச்சன்னா? புல்லு மாதிரியா, வெங்காயம் மாதிரியா?"

"புல்லு மாதிரி. தண்ணி பட்ட புல்லு."

"இன்னும் இருக்குது. இப்ப?"

"கொஞ்சம் இனிப்பா வருதுண்ணா. நம்ம ஸ்பிரிட் வாசம் மாதிரி லேசா…"

"ஏமா, ரத்தம் எடுக்கிற எடமா இது?" என்று சிரித்தான். அந்த நாலு மாசத்தில் அவன் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

என்னிடம் இருந்த சொற்கள் அவ்வளவுதான். ஸ்பிரிட், பினாயில், ரப்பர் கையுறை. சமையல் வாசத்துக்கு என்னிடம் வார்த்தையே இல்லை. போகப் போகச் சேர்ந்தது. வறுத்த கடலைத் தோல் மாதிரி. வெயிலில் காய்ந்த வைக்கோல் மாதிரி. கடைசியில் ஒன்று வரும், திரட்டுப்பால் லேசாகத் தீய்ந்த மாதிரி. அது வந்ததும் "எடுத்துடுண்ணா" என்பேன். அவன் கேள்வியே கேட்காமல் ஜல்லிக்கரண்டியால் அள்ளிவிடுவான். வடித்த எண்ணெய் பொன்னிறமாகப் பாட்டிலில் நிற்கும். உப்பும் கொஞ்சம் சோயா சாஸும் சேர்த்துச் சுடுசோற்றில் பிசைந்து கொடுத்தால், நான் இரண்டு தட்டு சாப்பிடுவேன். அம்மா மட்டும், "வெங்காயத்த வறுத்துத் தூக்கிட்டு எண்ணெய ஊத்துனா அது கொழம்பாயிடுமாடா" என்பாள். சொல்லிவிட்டுத் தன் களி உருண்டையில் குழி பண்ணிக் காட்டுவாள், ஊற்று என்று. கொல்லையில் ஒரு பாத்தி சின்ன வெங்காயம் தாளுக்காகவே நட்டோம். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படிப் போனது. அவன் மூக்கு திரும்பவே இல்லை.

ஒருநாள் பெங்களூரிலிருந்து பழைய முதலாளி கூப்பிட்டார். ஓட்டலைப் புதிதாகத் திறக்கிறோம், மாஸ்டராக நீதான் வரணும் என்றார். அண்ணன் போனை வைத்துவிட்டு என்னைக் கொல்லைக்குக் கூப்பிட்டான்.

"மூக்கு போனத சொல்லிடட்டுமா?"

நான் யோசிக்கக்கூட இல்லை. "சொல்லாதண்ணா. சொன்னா எவன் வேல குடுப்பான்? பத்து வருசம் செஞ்ச கை. கையே சொல்லிடும். அங்க மஞ்சு இருக்காரில்ல, தாளிக்கிறப்ப அவரக் கேட்டுக்க."

மஞ்சு என்கிற மஞ்சுநாதா அண்ணனோடு அந்த ஓட்டல் அடுப்படியில் காய் நறுக்கியவர். கன்னடக்காரர், அண்ணன் வயதுதான். எனக்கு அவரைப் போனில் மட்டும் பழக்கம். அண்ணன் கிளம்பிப் போனான். போன பிறகு பேசும்போதெல்லாம் குரலில் தெம்பு இருந்தது. "மஞ்சுவ சோதிக்கிற மாதிரி கேக்கறேன் பாப்பா. 'எப்டி இருக்குது, வாசம் பாத்துச் சொல்லு'ங்கறேன். அவனும் பரிட்ச எழுதற மாதிரி சொல்றான்" என்று சிரித்தான். நாங்கள் இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சமையலில் மூக்குக்கு ருசி பார்ப்பதைத் தவிர இன்னொரு வேலையும் உண்டு. அது எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனைக்கும் பத்து விதமான புட்டிகளை முகர்ந்து பிழைப்பு நடத்துகிறவள் நான்.

நாலாவது மாசம், ஒரு மத்தியானம். சமையல்கட்டைக் கழுவித் துடைத்த பிறகு அடுப்புக்குப் போகும் கேஸ் டியூப் ஒன்று தளர்ந்திருக்கிறது. மாலை வேலைக்கு முன்னால் அண்ணன் பற்றவைக்கப் போனான். மஞ்சு பக்கத்து மேடையில் தாள் நறுக்கிக்கொண்டிருந்தார். கசிந்து நின்ற கேஸ் குப்பென்று பற்றிக்கொண்டது. அண்ணனுக்கு வலது முன்கை வெந்தது. மஞ்சுவுக்குக் கழுத்திலிருந்து தோள் வரைக்கும், இடது காதும். ஆஸ்பத்திரியில் இரண்டு மாசம் கிடந்தார். டியூப் பழசு, யார் மேலும் தப்பில்லை என்று எல்லாரும் சொல்லி முடித்துக்கொண்டார்கள். எதனால் அண்ணனுக்குக் கேஸ் வாசம் தெரியாமல் போனது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்காததுதான் கொடுமை.

அண்ணன் கைக்கட்டோடு வீட்டுக்கு வந்தான். வந்ததும் செய்த முதல் காரியம், கேஸ் சிலிண்டரைக் கொடுத்துவிட்டுக் கரண்ட் அடுப்பு வாங்கி வைத்தது. அடுத்தது கொல்லையில் வெங்காயப் பாத்தியைக் கொத்திப் போட்டது. பிறகு காரிமங்கலம் ரோட்டில் ஒரு கிரானைட் பட்டறையில் இரவுக் காவலுக்குச் சேர்ந்தான். நீதானே சொல்லாதே என்றாய் என்று ஒரு தடவையாவது அவன் என்னைத் திட்டியிருக்கலாம். இன்றுவரை திட்டவில்லை.

ஏழெட்டு மாசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அம்மாவும் நானும் வந்த கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒருவர் வந்து நின்றார். முழுக்கைச் சட்டை, கழுத்தில் துண்டு. துண்டுக்கு மேலே காது பாதிதான் இருந்தது.

"அக்கா, சவரியண்ணா இருக்காரா? நான் மஞ்சு."

அண்ணன் உள் அறையில் படுத்திருந்தான். "நைட் டூட்டி. இப்பத்தான் கண்ணசந்தாங்க, எழுப்பறேன்" என்றேன்.

"பேடக்கா, வேணாம். தூங்கட்டும்" என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அம்மா காபி கொண்டுவந்து கொடுத்தாள். அவர் காதைப் பார்த்துவிட்டுச் சட்டென்று உள்ளே போய்விட்டாள். அவர் காபியைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"அண்ணாகிட்ட மன்னிப்பு கேக்கத்தான் வந்தேன்க்கா. அன்னிக்கி எனக்கு கேஸ் வாசன வந்துச்சு. நல்லா வந்துச்சு. ஆனா அண்ணா அடுப்புகிட்டயே நிக்கிறாரு, ஒன்னும் சொல்லல. அவரு மூக்கு எப்டிப்பட்ட மூக்கு! தினம் எனக்கே பரிட்ச வெக்கிற மனுசன். அவருக்கு வராத வாசன எனக்கு மட்டும் எப்டி வரும், நம்ம மூக்குதான் தப்புன்னு சும்மா இருந்துட்டேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா அண்ணா கை வெந்திருக்காது."

உள் அறையின் திரை அசையவில்லை. கட்டில் மட்டும் ஒருதரம் கிறீச்சிட்டது. "அதெல்லாம் ஒன்னுமில்ல மஞ்சு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சாப்பிடச் சொன்னதற்கு வேண்டாம் என்றார். நிறுத்தம் வரை கூடவே நடந்து போனேன். வழியில் இரண்டு இடத்தில் சொல்ல வாயெடுத்தேன். தர்மபுரி பஸ் வந்தது. அவர் ஏறி, ஜன்னல் வழியாகக் கை காட்டினார்.

திரும்பி வந்தபோது அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"கேட்டுச்சாண்ணா?"

"கேட்டுச்சி."

"போன்ல சொல்லிடலாமா?"

"போன்ல சொல்ற சமாச்சாரமா இது? நானே நேர்ல போயி சொல்றேன்."

போகிறேன் போகிறேன் என்றே நாள் போனது. லீவு இல்லை என்பான். கை வலிக்கிறது என்பான். தவக்காலம் முடியட்டும் என்றான். முடிந்தது. நானும் வற்புறுத்தவில்லை. அவன் போனால் அந்த யோசனை யாருடையது என்பதும் தெரிந்துவிடும் என்கிற பயம் எனக்குள் இருந்ததை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

அதற்கு அடுத்த வருஷம் அம்மா இறந்தாள். அடக்கத்துக்குச் சொல்ல வேண்டியவர்கள் எண்களை எல்லாம் எடுத்து அண்ணன் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டான். மஞ்சுவின் எண் உபயோகத்தில் இல்லை என்று கன்னடத்தில் ஒரு பெண் குரல் சொன்னது. காரியமெல்லாம் முடிந்து, அண்ணன் ஒருவழியாகப் பெங்களூருக்குக் கிளம்பிப் போனான். ஓட்டல் இருந்த கட்டடத்தை இடித்துவிட்டுப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்களாம். முதலாளி இடம் மாறிப் போய்விட்டார். எதிரில் பழக்கடை வைத்திருந்தவருக்கு மஞ்சுவைத் தெரிந்திருந்தது. கழுத்து வெந்தவர்தானே, ஊருக்கே போய்விட்டார் என்றாராம்.

"எந்த ஊருன்னு கேட்டியா?" என்றேன்.

"கேட்டேன். துமகூரு பக்கம்னாரு. அது எனக்கே தெரியும்." அண்ணன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "பத்து வருசம் ஒரே ரூம்ல படுத்தோம் பாப்பா. அவன் ஊரு பேர நான் ஒருநாளும் கேட்டதில்ல."