என் துப்பாக்கிக்குச் சரியான அளவு

என் தங்கையின் கணவருக்கு வலது கண் போனது என்னால். இதை எழுத இத்தனை நாளாயிற்று என்பதிலேயே என் யோக்கியதை தெரியும்.

மண்ணரைப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் நான் மாஸ்டர். ஒரு மெஷினுக்கு எழுதிய ரெசிபியை அடுத்த மெஷினில் அப்படியே போடாதீர்கள், முதலில் கொஞ்சமாக ஓட்டிப் பாருங்கள் என்று நாள் முழுக்கக் கத்துகிறவன். ஷேடு மாறினால் ஆட்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன். எல்லாம் ஊருக்குத்தான் உபதேசம்.

நானும் மாப்பிள்ளையும் ஒரே ரைபிள் கிளப்பில் இருந்தோம். உரிமம், அனுமதி எல்லாம் முறைப்படி உண்டு. சுட்ட தோட்டாக் கூடுகளில் மறுபடி வெடிமருந்து நிரப்பிக்கொள்வோம். அதற்கென்று அச்சிட்ட புத்தகத்தில் மருந்துக்கு இரண்டு அளவுகள் இருக்கும்: தொடங்க வேண்டியது ஒன்று, தாண்டக் கூடாதது ஒன்று. நான் என் துப்பாக்கிக்குக் கீழேயிருந்து தொடங்கி, கூட்டின் அடியிலுள்ள கேப் தட்டையாகிறதா, சுட்டபின் போல்ட் திறக்க வராமல் இறுகுகிறதா என்று, அழுத்தம் மிஞ்சுவதன் அடையாளங்களை ஒவ்வொரு படியிலும் பார்த்துப் பார்த்து, நாலு மாதத்தில் மேல் அளவுக்கு வந்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவருடையது அவர் அப்பாவிடமிருந்து வந்த பழைய ரைபிள். தோட்டா என்னவோ ஒரே ரகம்தான். போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது சோமனூரிலிருந்து போன் செய்தார்.

"மச்சா, புக்குல கம்மியில இருந்து ஆரம்பிக்கச் சொல்லுதுங்க. உங்க அளவையே போட்டுக்கட்டுங்களா?"

"போடுங்க மாப்ள. எனக்கு ஒண்ணும் ஆகலீங்களே. புக்குல இருக்கற அளவுதானுங்க."

அவர் கேட்டது சரியான கேள்வி. புத்தகத்தின் அளவு அதைப் போட்டவர்கள் சோதித்த குழலுக்கு. என் அளவு என் குழலுக்கு. அவருடைய குழல் எவ்வளவு தாங்கும் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

அவர் அந்தத் தோட்டாக்களைச் சுட்ட அன்று கிளப்பில் நான் பக்கத்து மேடையில்தான் நின்றேன். முதல் குண்டு சுட்டதும் போல்டைத் திறக்க அவர் திணறினார். பழைய துப்பாக்கி, எண்ணெய் போடவில்லை போலும் என்று நினைத்தேன். வேர்க்கிறது என்று பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். இரண்டாவது குண்டில் கூடு கிழிந்து, நெருப்பும் புகையும் பின்பக்கமாக அவர் முகத்தில் அடித்தது.

கோவை ஆஸ்பத்திரியில் கண்ணை எடுத்துவிட்டார்கள். மறுநாள் தங்கை கட்டிலருகே நின்று அழுதுகொண்டே கேட்டாள்.

"எப்படீங்க ஆச்சு? எங்கண்ணன் பாத்துப் பாத்துத்தானுங்களே போடும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "உங்கண்ணன் கம்மியாத்தான் போடச் சொன்னாரு. நாந்தான் கேக்காம அதிகமாப் போட்டுட்டேன்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஆமா அம்மிணி, படிச்சுப் படிச்சுச் சொன்னேன்" என்றேன்.

இன்றைக்கும் அவள் அவரைத்தான் திட்டுகிறாள்.