அண்ணை என்ற ஒரு சொல்

எண்பதுகளின் நடுவில், டென்மார்க்கில், யூலாந்துப் பக்கத்தின் ஒரு சின்ன ஊரில் நாங்கள் ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள் இருந்தோம். ஒரு குளிர்காலத்தில் எங்கள் வீடுகளுக்குப் பொலிஸ் வரத் தொடங்கியது. அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்களைத் தேடிப் பிடித்துக் கொழும்புக்கு ஏற்றுவதுதான் அவர்கள் வேலை. காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டுவார்கள். சப்பாத்தோடு உள்ளே வந்து அலுமாரியைத் திறப்பார்கள், குளியலறைத் திரையை விலக்குவார்கள், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்ப்பார்கள். எல்லாவற்றையும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே செய்வார்கள். அந்த மரியாதைதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. யாருடைய தெருவில் பொலிஸ் கார் நின்றாலும் அந்த வீட்டுக்காரர் மற்ற வீடுகளுக்கு டெலிபோன் எடுத்து, இரண்டு தரம் மணி அடித்ததும் வைத்துவிடவேண்டும். தேடப்படுகிறவர்களை யார் வீட்டில் வைப்பது என்று கூடிக் கதைத்துப் பிரித்துக்கொண்டோம். எங்கள் பங்குக்கு வந்தவர் என் கணவரின் ஊர்க்காரர். என்னைவிட நாலைந்து வயது கூட. நான் அவரை அண்ணை என்று கூப்பிட்டேன். வேறு எப்படிக் கூப்பிடுவது? உண்மையில் எனக்குக் கூடப்பிறந்த ஆண்கள் இல்லை. மூன்று அக்காமார் மட்டும்தான்.

அவருடைய தம்பியை ஆமி கொண்டுபோய் ஒரு வருடமாகியிருந்தது. இவர் திரும்பிப் போனால் விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நிராகரித்துக் கடிதம் எழுதியவர்களுக்கு மட்டும்தான் அது தெரியவில்லை.

சத்தமில்லாத மனிதர். சோபாவில் படுப்பார். ஆறு மணிக்கே எழும்பி, தன் இறகுப் போர்வையை அலுமாரியில் மடித்து வைத்துவிடுவார், சோபாவில் ஒருவர் படுத்த அடையாளமே தெரியாது. அந்தப் போர்வையை உதவி அலுவலகத்துக்கு நானே தனியாகப் போய், பாதி டெனிஸ் மொழியிலும் பாதி கையாலும் கேட்டு வாங்கி வந்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

பொலிஸ் எங்கள் வீட்டுக்கு முதல் தரம் வந்தபோது அண்ணை கீழே நிலவறையில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். வந்தவர்களில் ஒருவர் என்னிடம் கேட்டதில் எனக்கு ஒரு சொல் மட்டும் விளங்கியது: ‘ப்ரோர்’. சகோதரன். உன் சகோதரன் எங்கே என்று கேட்கிறார். எனக்குச் சகோதரன் இல்லை என்றேன். அது பொய்யும் இல்லை. சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

பின்னேரம் கணவர் வேலையால் வந்ததும் சொன்னேன். அவர் குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல் யோசித்தார்.

“இஞ்சாரும், அவர் உம்மட அண்ணை எண்டு டெனிஸ்காரனுக்கு என்னெண்டு தெரியும்? எங்கட ஆக்கள் ஆரோதான் சொல்லியிருக்கினம்.”

எனக்கும் அதேதான் பட்டது. நான் அண்ணை என்று கூப்பிடுவதைக் காதால் கேட்ட ஒருவன்தான் அப்படிச் சொல்லியிருக்க முடியும். யார்? இரண்டு கிழமைக்கு முந்தின ஞாயிறு எங்கள் வீட்டில் சாப்பிட்ட, பொலிஸுக்கு வேலை செய்கிற தமிழ் மொழிபெயர்ப்பாளர்தான் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தார். அவர் முன்னால்தான் நான், “அண்ணை, சாப்பிட வாங்கோ” என்று கூப்பிட்டேன்.

அவர் மன்னார்க்காரர். நாங்கள் யாழ்ப்பாணம். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுவும் அன்றைக்கு ஒரு காரணமாகத்தான் இருந்தது. பொலிஸ் கூப்பிட்டால் அவர்களுடைய காரில் ஏறிப் போவார், அவர்களோடு கோப்பி குடிப்பார், டெனிஸ் மொழியில் பகிடி விட்டுச் சிரிப்பார். வேலியே பயிரை மேயுது என்று ஊர் முழுக்கக் கதை பரவியது. பரப்பியதில் என் வாய்க்கும் பெரிய பங்கு உண்டு. அவர் வீட்டுக்கு மட்டும் இரண்டு மணி அடிப்பதை நிறுத்தினோம். அவருடைய மகளின் பிறந்தநாளுக்கு ஒரு வீட்டாரும் போகவில்லை. கேக்கை வெட்டி வைத்துக்கொண்டு பொழுதுபடும்வரை காத்திருந்தார்களாம். கேட்டபோது எனக்கு நல்ல சந்தோசம்.

பிறகு ஒரு வியாழன் மத்தியானம் டெலிபோன் அடித்தது. அவர்தான்.

“தங்கச்சி, நாளைக்குக் காலமை அவரை வீட்டிலை வைச்சிருக்காதேங்கோ.”

“எவரை?” என்றேன்.

“நான் கனக்கக் கதைக்கேலாது. இண்டைக்கே வேறை எங்கையும் அனுப்புங்கோ.” வைத்துவிட்டார்.

எனக்குக் கோபத்தில் காது அடைத்தது. எவ்வளவு கெட்டித்தனம்! வீட்டில் பிடிக்க முடியவில்லை, அதனால் வெளியே கிளப்பித் தெருவில் வைத்துப் பிடிக்கப் பார்க்கிறான். அண்ணையிடம் சொன்னேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடி, “ஒருக்கா மற்ற வீட்டை போய் நிண்டு பாப்பமோ?” என்று கேட்டார். “வேண்டாம், அண்ணை. அவன்ர பொறியிலை நீங்கள் கால் வைக்கக்கூடாது” என்று நான்தான் மறித்தேன். கணவரும் என் பக்கம்தான் நின்றார்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு வந்தார்கள். அண்ணை ஓடவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு அவர்களோடு போனார்.

திங்கட்கிழமை என்னையும் பொலிஸ் நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அங்கால் ஒரு அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“பிடிபட்டவர் உங்களுக்கு என்ன முறை எண்டு கேக்கினம்” என்றார்.

“அண்ணை” என்றேன் சுவரைப் பார்த்து.

நான் சொன்னது ஒரு சொல். அவர் அதிகாரியிடம் இரண்டு மூன்று நிமிடம் கையை ஆட்டி ஆட்டிக் கதைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“நான் ஒரு சொல்லுத்தானே சொன்னனான். நீங்கள் என்னத்தை இவ்வளவு நேரம் சொல்லுறியள்?”

“எங்கட ஆக்கள் மூத்த ஆம்பிளையளை எல்லாம் அண்ணை எண்டுதான் சொல்லுறது, கூடப்பிறந்தவர் எண்டு அர்த்தமில்லை, இவ பொய் சொல்லேல்லை எண்டு சொன்னனான்.” ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். “உங்கட அகதி விசாரணையிலை உங்களுக்கு ஆம்பிளைச் சகோதரம் இல்லையெண்டு சொன்னனீங்கள். இதிலை வீட்டிலை இருக்கிற சகோதரனுக்குப் போர்வை எண்டு கேட்டிருக்கிறியள். பொய் எண்டு எடுத்தால் உங்கட விசாவிலையும் கை வைப்பினம்.”

உதவி அலுவலகத்தின் தாள். அடியில் தமிழில் என் கையெழுத்து. அண்ணை என்பதற்கு டெனிஸில் எனக்குத் தெரிந்த ஒரே சொல்லை நான் சொல்லியிருக்கிறேன், அந்த அலுவலகப் பெண் அதை அப்படியே எழுதியிருக்கிறாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெடவில்லை. என் வாயால் கெட்டது வேறொருவர்.

“முதல் தரம் அவையள் வந்தது இதாலைதானோ?”

“ஓம்.”

“அப்ப நீங்கள் போன் எடுத்தது…”

அவர் அதிகாரியை ஒருமுறை பார்த்தார். “அதை இங்கை கதைக்காதேங்கோ, தங்கச்சி” என்றார் மெல்ல. அது வெளியே வந்தால் அவருடைய வேலை போய்விடும் என்பதுகூட எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அண்ணையை இரண்டு கிழமைக்குள் ஏற்றிவிட்டார்கள். கொழும்பில் இறங்கினார் என்பதுவரை தெரியும். அதற்குப் பிறகு அவருடைய தாய்க்கும் ஒன்றும் தெரியாது.

மொழிபெயர்ப்பாளர் அந்தத் தாளின் கதையை ஒருவரிடமும் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும். கணவரிடம்கூடச் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். கோழை நான், வேறொன்றுமில்லை.

வசந்தம் வந்ததும் அவர் குடும்பத்தோடு ஒடென்சே நகரத்துக்குக் குடிபெயர்ந்தார். தளபாடம் ஏற்றிய வான் புறப்பட்ட நேரம், மொழி வகுப்புக்குப் போக நாங்கள் நாலைந்து பெண்கள் பஸ்ஸுக்கு நின்றோம். வானின் முன் இருக்கையில் அவருடைய மகள் இருந்தாள்.

“காட்டிக் குடுத்தவன் போறான்” என்றாள் ஒருத்தி. பிறகு என் தோளில் கை வைத்தாள். “உமக்கு இப்பத்தான் கொஞ்சம் மனம் ஆறும், என்ன?”

“ஓம்” என்றேன்.