எண்ணெய் தடவிய கற்கள்

கல்லின் மிளிர்வைப் பார்த்து அதன் பெயரைச் சொல்வது என் தொழில். நடைமுறையில், வருகிறவர்களிடமெல்லாம் "இது தங்கம் இல்லை" என்று சொல்வது. எழுபதுகளின் கடைசியில் தல்லாகுளத்தில், ஒரு கனிம ஆய்வு அலுவலகத்தின் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து அதைச் செய்தேன். ஊராரின் ஆசைக்கு "இல்லை" சொல்லியே சம்பளம் வாங்கியவர்கள் இதைப் படித்தால், என் பெருமூச்சு அவர்களுக்குப் புரியும்.

எண்ணெய்க் குளியல்

மிளிர்வைப் பார்க்க வேண்டுமானால் கல்லை உடைத்து, புதிய முகத்தை வெளிச்சத்தில் திருப்ப வேண்டும். சில கற்கள் கண்ணாடிபோல் பளிச்சிடும், சில பட்டுப்போல் வழுக்கும், சில முத்துப்போல் உள்ளுக்குள்ளேயே மங்கிச் சிரிக்கும். நம் ஆட்களோ, பெண் பார்க்க வரும் நாளில் மகளைச் சோடிப்பதுபோல், கல்லுக்கு நல்லெண்ணெய் தேய்த்து மஞ்சள் துணியில் சுற்றி எடுத்துவருவார்கள். எண்ணெய் பட்டால் ரோட்டுச் சல்லியும் மினுங்கும்.

கொட்டாம்பட்டிப் பக்கத்து விவசாயி கருப்பையாவின் கல், மேசையில் வைத்ததும் வழுக்கி ஓடியது. கிணறு வெட்டும்போது கிடைத்ததாம். தங்கம் என்று யாரோ சொல்ல, வெட்டை நிறுத்திவிட்டார். ஊற்றுக்கு இன்னும் ஓர் ஆள் ஆழம்தான் பாக்கி. மேலே கடலைச் செடி வாடிக்கொண்டிருந்தது. "காக்காப்பொன், அதாவது மைக்கா மாதிரி இருக்கிறது, உடைத்தால் உறுதியாகச் சொல்வேன்" என்று சுத்தியலை எடுத்தேன். அவர் கல்லை மார்போடு அணைத்துக்கொண்டார். "குளிப்பாட்டிக் கூட்டியாந்த பிள்ளைய மண்டையில அடிக்கப் பாக்குறீகளே, இது அடுக்குமா?"

டியூப்லைட் தீர்ப்பு

அவர் நேரே எங்கள் அதிகாரியின் அறைக்குள் போனார். அதிகாரி நிறையப் படித்தவர். மின்விசிறிக்கு அடியிலிருந்து எழுந்தால் படித்ததெல்லாம் பறந்துவிடும் என்று அஞ்சியவர். வெயில் வருகிறதென்று ஜன்னலைச் சாத்திவிட்டு, டியூப்லைட்டில் கல்லைப் பார்த்தார். அந்த வெளிச்சத்தில் அவருடைய வழுக்கையே வெள்ளிக்கட்டியாகத் தெரியும். "தங்கமா இருக்கலாம்" என்றார். கருப்பையா கும்பிட்டுவிட்டுப் போனபின், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "இல்லைன்னு சொல்லி நாளைக்குத் தங்கமாப் போச்சுன்னா யாரு பதில் சொல்றது? 'இருக்கலாம்'னு சொன்ன எவனும் இதுவரைக்கும் சஸ்பெண்ட் ஆனதில்லம்மா."

டார்ச்சுக்காரர்

அந்த "இருக்கலாம்" ஆரப்பாளையம்வரை போயிற்று. அங்கே லாட்ஜில் அறை எடுத்துத் தங்கி, கல் வாங்குகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த ஒருவர்தான் முதலில் கருப்பையாவிடம் தங்கம் என்று சொன்னவர். விரலுக்கொரு மோதிரம், மோதிரத்துக்கொரு ராசி. கருப்பையாவைத் தள்ளிக்கொண்டு ஒருநாள் எங்கள் அலுவலகத்துக்கே வந்து, எண்ணெய்க் கல்லின்மேல் டார்ச் அடித்துக் காட்டினார். அடுத்த முகூர்த்தத்தில் நிலம் அவர் பெயருக்கு மாறுவதாகப் பேச்சு. தங்கத்தில் பாதி கருப்பையாவுக்காம். நிலம் திருச்சி ரோட்டை ஒட்டியது. டார்ச்சுக்காரருக்கு வேண்டியது கிணற்றுக்குள் இல்லை என்பது எனக்குப் புரிந்துவிட்டது. "பத்திரம் இருக்கட்டும், முதலில் கிணற்றை வெட்டி முடியுங்கள்" என்றேன். டார்ச்சுக்காரர் கருப்பையாவின் தோளில் கை போட்டார். "வெட்டிராதீகண்ணே. தண்ணி பட்டா தங்கம் கீழ இறங்கிரும்."

கிணற்று மேடு

பத்திரத்துக்கு முந்தின நாள் லீவு போட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். கிணற்று மேட்டில் அந்தக் கல் குங்குமமும் செவ்வரளியுமாக, அன்றைய எண்ணெய் சொட்ட வீற்றிருந்தது. கருப்பையாவின் மனைவி பேச்சியம்மா பறட்டைத் தலையோடு தள்ளி நின்றாள். கருப்பையா தன் சாமியைத் தொட விடமாட்டார் என்பதால், வெட்டிக் குவித்திருந்ததில் அதே இனத்துக் கல் ஒன்றை எடுத்து உடைத்தேன். நகத்தால் ஓர் ஏட்டை உரித்து, வானத்தை நோக்கிப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். அதன் வழியே எதிரிலிருந்த பனைமரம் கடுங்காப்பி நிறத்தில் தெரிந்தது.

"தங்கத்துக்குள்ளே மரம் தெரியுமா?" என்றேன். அவர் பேச்சியம்மாவைக் கிட்டத்தில் கூப்பிட்டு, கழுத்துத் தாலியைத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பனை தெரியவில்லை. மறுபடி ஏட்டைப் பார்த்தார். பனை நின்றது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பேச்சியம்மா தாலியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள். "என் தலைக்குப் பொட்டு எண்ணெய் கிடையாது, இந்தக் கல்லு தினம் குளிக்குது! கடப்பாரைய எடுங்க. பத்திரம் கித்திரம்னு பஸ் ஏறுனீக, திரும்பி வாரப்ப வீடு பூட்டியிருக்கும்."

மறுபடியும்

பத்திரம் நடக்கவில்லை. டார்ச்சுக்காரர் லாட்ஜை மாற்றிக்கொண்டார். கடலை பறித்து முடித்த கையோடு கருப்பையா என் மேசைக்கு வந்தார். நன்றி சொல்லத்தான் என்று நினைத்து நாற்காலியை நகர்த்திப் போட்டேன். மடியிலிருந்து மஞ்சள் துணியை எடுத்தார். துணி முழுக்க எண்ணெய்க் கறை. "தண்ணி எளநி கணக்கா இருக்கும்மா, கடலையும் தப்பிச்சிருச்சு. அது கெடக்கட்டும், இதப் பாருங்க. இது வெள்ளிதானே?"

பணி ஓய்வு பெறும்வரை என் மேசைக்கு ஒரு குன்றிமணித் தங்கம்கூட வரவில்லை. என் கையில் நல்லெண்ணெய் வாடை மட்டும் ஒருநாளும் போகவில்லை.