நாலு மணி பஸ்

நேற்று எங்கள் கள்ளக்குறிச்சிப் பள்ளியில், புதிதாக வந்திருக்கும் டீச்சர் சுவர் டிவியில் கடிகார விளையாட்டு வைத்திருந்தார். முள் நகர நகரப் பிள்ளைகள் மணியைக் கத்த வேண்டும். "நாலு மணி" என்று வகுப்பு அலறியதும், வராந்தாவில் போய்க்கொண்டிருந்த நான் உள்ளே புகுந்து தலைகளை எண்ணத் தொடங்கிவிட்டேன்.

"இன்னா சார், ஆட்டுப்பட்டி மாதிரி எண்றீங்க?" என்றார் டீச்சர்.

சிரித்து மழுப்பினேன். உங்களிடம் சொல்வதற்கென்ன.

எனக்கு முதல் வேலை வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம், ஒரு மலையூர்ப் பள்ளியில். மலைப்பாதையின் அத்தனை வளைவுகளையும் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டே கடந்த வீரன் நான். இரண்டாம் வகுப்புக்கு மணி பார்க்கக் கற்றுத்தர நானே ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தேன். நான் மணியைச் சொல்வேன். அந்த மணிக்கு எங்கே இருப்பார்களோ அங்கே ஓட வேண்டும். ஒன்பது என்றால் கொடிக்கம்பம். ஒன்று என்றால் சத்துணவுக்கூடம். ஒரு நாள் காலை "நாலு மணி" என்றேன். எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடினார்கள். தலைகளை எண்ணினேன்; சின்னப்பொண்ணு என்கிற பிள்ளை மட்டும் இல்லை.

மேகம் தரைக்கு இறங்கியிருந்தது. பத்தடிக்கு அப்பால் வெறும் வெள்ளை. கிணற்றை எட்டிப் பார்த்தேன்; என் மூஞ்சிதான் தெரிந்தது, அதுவும் அழுதுகொண்டிருந்தது. மரவள்ளி லாரி ஒன்று உறுமிக்கொண்டு இறங்கியது; அது போன தடத்தைக் குனிந்து பார்த்தேன். சத்துணவுக்கூடத்தில் அண்டாவின் மூடியைக்கூடத் திறந்துவிட்டேன்.

"அதுக்குள்ள இன்னாத்த தேடுற சார்? சாம்பாருதான் இருக்குது" என்றார் சமையல் செய்யும் ராணி அக்கா. விஷயம் தெரிந்ததும் அவர் முகமும் செத்துப்போனது.

கத்திக்கொண்டே ரோட்டில் ஓடினேன். பஸ் நிற்குமிடத்து மைல் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"இங்க இன்னா பண்ற?"

"நாலு மணின்னு நீதான சார் சொன்ன. அம்மா நாலு மணி பஸ்ல வரேன்னுச்சு."

அவள் அம்மா கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போய் மாதக்கணக்காகியிருந்தது. எந்த நாள் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை.

"சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன் கண்ணு. மணி இன்னும் பதினொண்ணுதான்."

"அப்ப இன்னும் வரும்" என்று நிம்மதியாக என் விரலைப் பிடித்துக்கொண்டாள். எனக்குத்தான் அங்கே இரண்டாவது பயம் பிடித்தது. வராமலே போய்விட்டால்?

அதன்பின் சாயங்கால பஸ்ஸின் ஹாரன் கேட்டாலே வாசலுக்கு ஓடுவேன். இறங்குகிறவர்களை அவளுக்கு முன்னால் நான் பார்ப்பேன். விளையாட்டில் மூன்றுக்கு அடுத்து ஐந்துதான்.

"சார் வூட்டு கடியாரத்துல நாலு கெடையாது போலக்குது" என்று ராணி அக்கா கிண்டல் செய்வார். ஆனால் அவரும் அந்த நேரத்துக்குப் பாத்திரத்தைப் போட்டுவிட்டு கேட்டருகே வந்து நிற்பார்.

பிறகு ஒரு காலை, பிரேயர் முடியும் நேரத்தில், ஜீப் ஒன்று நின்றது. மூட்டையோடு ஒரு பெண் இறங்கினாள். சின்னப்பொண்ணு அசையவில்லை. முறைத்துப் பார்த்தாள். அப்புறம் என் சட்டையை இழுத்தாள்.

"சார், மணி சொல்லு."

அடித்தொண்டையிலிருந்து கத்தினேன். "நாலு மணி."

ஓடினாள். கூடவே வகுப்பு மொத்தமும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அன்றைக்கு அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ரோட்டை அகலப்படுத்தியதில் அந்த மைல் கல் போய்விட்டது. பஸ்ஸின் நேரமும் மாறிவிட்டதாம். எங்கே வந்துகொண்டிருக்கிறோம் என்பதை அம்மாக்கள் இப்போது போனில் சொல்லிவிடுகிறார்கள். நான் நாலு மணி என்று சொன்னால் யாரும் எங்கேயும் ஓடுவதில்லை.