கட்டிபட்ட தேத்தண்ணி

எனக்குக் கலியாணம் பேசி வந்தவர்களுக்கு அம்மா கொடுத்த தேத்தண்ணி கட்டிபட்டுப் போன கதையை எங்கள் ஒழுங்கையில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தத் தேத்தண்ணியை நினைத்தால் எனக்கு வருவது வெட்கம் அல்ல, பெருமை.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. பகலில் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், எழுதுவினைஞர்; பின்னேரத்தில் பாரம் தூக்குபவள். வேலை முடிந்ததும் டவுனில் இருக்கும் ஜிம்முக்குப் போய், இருட்டும் நேரத்தில் வாவிக்கரையோரம் சைக்கிள் மிதித்து அமிர்தகழிக்குத் திரும்புவேன். மாகாணப் போட்டிக்கு மூன்று கிழமைதான் இருந்தது. அப்படிப் பயிற்சி செய்த உடம்பு தேறி வர நித்திரையும் வேண்டும், புரதமும் வேண்டும். மீனும் முட்டையும் வீட்டில் இருந்தன. ஆனாலும் பயிற்சி முடிந்த கையோடு குடிக்க ஒரு டின் புரோட்டீன் மா வாங்கி வைத்திருந்தேன்.

அந்த டின்னில் தோள் புடைத்த ஆம்பிளை ஒருவரின் படம் இருந்தது. அம்மாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. "இதக் குடிச்சு மீசை முளைச்சா என்னட்ட வந்து அழப்படாது" என்பார். மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முதல்நாள் கண்டிப்பாகவே சொல்லிவிட்டார்: "இந்த டின் அவங்கட கண்ணில படக்கூடாது புள்ள."

வாதாடவில்லை. மாவைப் பழைய பால்மா டின் ஒன்றில் கொட்டி, குசினித் தட்டின் பின்வரிசையில் வைத்தேன். படம் போட்ட டின் கட்டிலுக்குக் கீழே போனது. மா எங்கே போனது என்று அம்மா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இன்னொரு பிழையும் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள் என்று தெரிந்தும் வெள்ளிக்கிழமை, தோளில் பாரத்தோடு குந்தி எழும்பும் ஸ்குவாட்டை அளவுக்கு மீறிச் செய்துவிட்டேன். தசை நோவு இரண்டாம் நாள்தான் உச்சத்துக்கு வரும் என்பது எனக்குத் தெரியாததல்ல. முகம் தெரியாத ஒருவருக்காக ஒருநாள் பயிற்சியை விட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிறு மாப்பிள்ளையும் அவருடைய தாயும் வந்தார்கள். சேலையோடு, கையில் தட்டோடு, குசினிப் படியிலிருந்து நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்கினேன். முழங்கால் மடங்கவே இல்லை. தாயின் கண் என் காலை விட்டு அகலவில்லை. தேத்தண்ணியை ஒரு வாய் குடித்ததும் முகம் சுளித்தது. கோப்பைக்குள் வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள் மிதந்தன. வந்தவர்களுக்குக் கொழுப்பாகக் கொடுக்க வேண்டுமென்று அம்மா பின்வரிசையில் நிறைந்திருந்த பால்மா டின்னைத் தேடி எடுத்திருக்கிறார். கொதிதண்ணீர் பட்டால் அந்த மா திரைந்துவிடும்.

"பால்மா பழசோ?" என்றார் அந்த அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, "பிள்ளைக்குக் காலில ஏதும் பழுதோ?"

அம்மா என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்லிச் சமாளி என்ற பார்வை. கிணற்றடியில் வழுக்கிவிட்டது என்றால் அத்தோடு முடிந்திருக்கும். எனக்கு வாய் சும்மா கிடக்காது.

"பழுது ஒண்டுமில்ல. நான் பாரம் தூக்குறனான். முந்தாநாள் பயிற்சி கொஞ்சம் கூடிட்டு. தேத்தண்ணியில கிடக்கிறது தசை தேற நான் குடிக்கிற மா."

மாப்பிள்ளை முதல் தடவையாக வாய் திறந்தார். "எவ்வளவு தூக்குவீங்க?"

"நிலத்தில இருந்து நூற்றிப்பத்துக் கிலோ."

அவர் தன் வயிற்றைக் குனிந்து பார்த்துச் சிரித்தார். நல்ல மனுசன் என்றுதான் பட்டது. தாய் சிரிக்கவில்லை. அம்மாவின் பக்கம் திரும்பி, "பொம்பிளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு? இப்பவே விட்டிரச் சொல்லுங்க. மறுகா மத்ததப் பேசுவம்" என்றார்.

அம்மா இத்தனை வருடமாகச் சொல்லி வந்ததைத்தான் அவரும் சொல்லியிருந்தார். அம்மா ஓம் என்று தலையாட்டினால் போட்டியும் இல்லை, ஜிம்மும் இல்லை. அப்பா போன பிறகு தையல் மெசினோடு மல்லுக்கட்டி என்னை ஆளாக்கியவரை எதிர்த்துப் பேச என்னால் முடியாது.

அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். "எங்கட பக்கத்தில மாப்பிள்ளதான பொம்பிள வீட்டுக்கு வாறது? இந்த வீட்ட நான் கட்டேக்க கூலிக்கு ஆள் பிடிக்கக் காசில்ல. அத்திவாரத்துக் கல்லு முழுக்க நான்தான் தூக்கினன். இது பாரம் தூக்கின வீடு. விருப்பமெண்டா உங்கட மகன் வரட்டும்."

அவர்கள் போனார்கள். பதில் வரவில்லை. அம்மா அதைப் பற்றி ஒரு நாளும் வருந்திப் பேசவில்லை. கோப்பைகளைக் கழுவும்போது மட்டும், "சுடுதண்ணியில போடப்படாதெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்தானே?" என்று பொரிந்து தள்ளினார்.

போட்டிக்கு அம்மா வந்தார். அதற்கு முன்பு ஒருநாளும் வந்ததில்லை. மூன்றாவது முயற்சியில் நூற்றிப்பதினைந்து கிலோவை நிலத்திலிருந்து எடுத்து நிமிர்ந்தபோது, முன்வரிசையில் இரண்டு கையையும் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தவரைத்தான் பார்த்தேன். மேடையை விட்டு இறங்கி வந்தேன். அம்மா கைப்பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து நன்றாகக் குலுக்கி என்னிடம் நீட்டினார்.

"இந்தா புள்ள, குடி. பச்சத்தண்ணியிலதான் கலக்கினன்."