காதில் வாங்கிய கூட்டம்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்குச் செயலாளர் நான்தான். மறுநாள் தொட்டி கழுவுவதால் காலையில் தண்ணீர் வராது என்று கூட்டத்தில் அறிவித்தேன். பிறகு கூட்டக் குறிப்பை எழுதி வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அதன் கடைசி வரி: "அனைவரும் காதில் வாங்கிக்கொண்டனர்."

"மினிட்ஸ்ல இப்படியா எழுதுவாங்க? 'செவிமடுத்தனர்'னு போடுங்க" என்றார் மேல்வீட்டு அருள்மேரி டீச்சர்.

"அது வெறுமனே கேக்கறதுங்க. 'உள்வாங்கினர்'னு போடுங்க" என்றார் எதிர்வீட்டு வங்கிக்காரர்.

'கருத்தில் கொண்டனர்' என்பதுதான் கம்பீரம் என்று நானும் விடாமல் மல்லுக்கட்டினேன். தூங்கப் போகும்வரை இதே சண்டை. கடைசியில் "செவிமடுத்து உள்வாங்கினர்" என்று சமாதானமானோம்.

காலையில் தலை நிறைய ஷாம்பூ நுரையோடு குழாயைத் திருகினேன். காற்றுதான் வந்தது. ஒரு வாளிகூடப் பிடித்துவைக்கவில்லை. இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம், நடுவில் நான். துண்டோடு ஓடிப்போய்க் கதவைத் திறந்தால், வாசலில் காலிக் குடத்துடன் டீச்சர்.

"செகரட்டரி சார், ஒரு குடம் தண்ணி..."

என் தலையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அன்றே குறிப்பைத் திருத்தினேன்: "ஒருவரும் காதில் வாங்கவில்லை."

இந்த முறை வேறு சொல் போடும்படி யாரும் சொல்லவில்லை.